பிளேடு காட்டுவதும் மரபணு சொல்வதும்: நெருங்கிய லைக்கன் சிற்றினங்களைப் பிரித்தறிதல்

ஆண்டீஸ் மலைத்தொடரின் ஈரமான உயரங்களில், மரக்கிளைகளிலும் பாதையோர மண்மேடுகளிலும், சாம்பல் நிறத்தில் விசிறி விசிறியாக ஒரு லைக்கன் வளர்கிறது. நெடுங்காலம் அதை ஒரே சிற்றினமாகத்தான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். கோரா பாவோனியா என்று சிலர் எழுதினார்கள், டிக்டியோனிமா கிளாப்ரேட்டம் என்று சிலர் எழுதினார்கள். பெயர் எதுவானாலும் மெக்சிகோவில் எடுத்த மாதிரியும் தென்னமெரிக்காவில் எடுத்த மாதிரியும் ஹெர்பேரியம் என்னும் உலர்மாதிரிக் காப்பகத்தில் ஒரே உறைக்குள் போயின. 2014-இல் ராபர்ட் லூக்கிங், மனுவேலா டால் ஃபோர்னோ முதலியோர் 356 டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டு, அந்த ஒரே பெயருக்குள் 126 சிற்றினங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். இன்னும் சேகரிக்கப்படாத இடங்களையும் கணக்கில் கொண்டால் எண்ணிக்கை 452-ஐத் தொடலாம் என்பது அவர்கள் மதிப்பீடு.

இந்த எண்களைப் படித்ததும் இரண்டு கேள்விகள் எழும். இத்தனை பேர் இத்தனை காலம் நுண்ணோக்கியில் பார்த்தும் இது தெரியாமல் போனது எப்படி? இனிமேல் நுண்ணோக்கி எதற்கு? முதல் கேள்வி நியாயமானது. இரண்டாவது, கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகளைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வருவது. டி.என்.ஏ. வந்ததால் உடற்கூற்றியல் ஓரங்கட்டப்படவில்லை. நுண்ணோக்கியில் தெரியும் நூறு பண்புகளில் எவை வம்சத்தைக் காட்டுகின்றன, எவை வெயிலையும் மழையையும் மட்டும் காட்டுகின்றன என்று தரம் பிரிக்க அது உதவியிருக்கிறது. அதுதான் அதன் பெரிய பங்களிப்பு என்பது என் கருத்து. சில இடங்களில் அது தடுமாறியும் இருக்கிறது. அந்தத் தடுமாற்றங்களும் இந்த ஆய்வின் பகுதிதான்.

லைக்கன் ஓர் உயிர் இல்லை, கூட்டு வாழ்வு. பூஞ்சை இழைகளின் நடுவே பசும்பாசியோ நீலப்பச்சைப் பாசியோ இரண்டுமோ குடியிருக்கும். 1860-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது அக்காலத்தின் பெரிய லைக்கன் அறிஞர் வில்லியம் நைலாண்டர் ஏற்கவே இல்லை. ஆனால் உண்மை ஷ்வெண்டனர் பக்கம் இருந்தது. இன்றைய பெயரிடல் விதிப்படி லைக்கனுக்கு வைக்கும் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கே உரியது. பாசிக்குத் தனிப் பெயர் உண்டு. எனவே இரண்டு லைக்கன்கள் வேறு வேறு சிற்றினங்களா என்று கேட்டால், அவற்றின் பூஞ்சைகள் வேறு வேறா என்றுதான் பொருள். கண்ணில் படும் உருவமோ பூஞ்சையும் பாசியும் சேர்ந்து கட்டியது. இந்தத் துறையின் சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

லின்னேயஸ் 1753-இல் தமக்குத் தெரிந்த லைக்கன்களையெல்லாம் ஒரே பேரினத்தில் அடக்கிவிட்டார். அவருடைய மாணவர் எரிக் அக்காரியஸ்தான் அவற்றைப் பேரினம் பேரினமாகப் பிரித்தார். அவர் நம்பியது வெளித்தோற்றத்தையும் கனியுடல்களையும். 1866-இல் நைலாண்டர் வேதிச் சோதனையைக் கொண்டுவந்தார்: ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஒரு துளி சலவைத் தூள் கரைசல், நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது. 1930-களில் ஜப்பானின் யசுஹிகோ அசாஹினா பாரா-ஃபினைலின்டையமினைச் சேர்த்தார். 1970-இல் சிச்சிட்டா கல்பர்சன் மெல்லடுக்குக் குரோமட்டோகிராஃபியை ஒரே சீரான முறையாக்கித் தந்தார். லைக்கன் அமிலங்களைப் பெயர் சொல்லிப் பிரிப்பது அதன்பின் எந்த ஆய்வகத்துக்கும் கைகூடியது. வேதியியலைப் பற்றி இவ்வளவு போதும். இந்தக் கட்டுரையின் அக்கறை பிளேடு போகும் இடத்தில் இருக்கிறது.

லைக்கனின் மேற்பரப்பில் சிறு கிண்ணம் போலிருக்கும் கனியுடல்தான் ஏப்போதீசியம். அகலம் ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே பெரியது என்று சொல்லும் இனங்கள் பல. அதைத் தண்ணீரில் நனைத்து, உருப்பெருக்கியின் கீழே வைத்து, புது சவர பிளேடால் கையாலேயே சீவுவார்கள். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக ஒரு சீவல் விழ வேண்டும். பழகிய கைக்கும் எல்லாச் சீவலும் சரியாக வராது. தண்ணீரில் வைத்து நோக்கினால், மேலே நிறமேறிய ஒரு பட்டை, அதன் கீழே நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும் மலட்டு இழைகள், அவற்றிடையே பைகளாக ஆஸ்கஸ்கள், பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் எட்டு ஸ்போர்கள். ஸ்போரின் நீளம், அகலம், குறுக்குச் சுவர்கள், நிறம் எல்லாம் அளந்து குறிக்க வேண்டும். பிறகு கண்ணாடியின் ஓரத்தில் ஒரு துளி அயோடின் கரைசல் விட்டால் பல இனங்களில் ஆஸ்கஸின் நுனியில் நீலம் ஏறும். சிலவற்றில் நுனி முழுதும் நீலமாகும், சிலவற்றில் நடுவே நிறமற்ற தண்டு ஒன்று நிற்கும், சிலவற்றில் குழாய் வடிவம் தெரியும். ஆஸ்ட்ரியாவின் யோசஃப் ஹாஃபெல்னர் 1984-இல் இந்த நுனி அமைப்பை ஆதாரமாகக் கொண்டு பல குடும்பங்களையே வரையறுத்தார்.

மரப்பட்டையில் வெண்சாம்பலாகப் படரும் லெக்கனோரா பேரினத்தில், வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் ஒரு பெரிய கூட்டம் உண்டு. லெக்கனோரா சப்ஃபஸ்கா கூட்டம் என்பார்கள். கனடாவின் இர்வின் ப்ரோடோ 1984-இல் அதன் வட அமெரிக்க இனங்களை ஆராய்ந்து எழுதியது இன்றும் மேசையில் வைத்துப் பார்க்கத் தகுந்தது. கிண்ணத்தின் விளிம்பைச் சீவி முனைவாக்கிய ஒளியில் பார்த்தால் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருட்டில் மின்னும். ஓர் இனத்தில் அவை பெரிய துண்டுகளாகத் தனித்தனியே கிடக்கும். மற்றொன்றில் பொடிப்பொடியாக நிறைந்திருக்கும். மேல்பட்டையில் நுண்துகள்கள் இருக்கின்றனவா, இருந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைகின்றனவா அல்லது நைட்ரிக் அமிலத்தில்தான் கரைகின்றனவா என்பது அடுத்த சோதனை. வெளியே ஒன்றாகவும் உள்ளே தெளிவாக வேறாகவும் இருக்கும் இனங்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தாடியாகத் தொங்கும் உஸ்னியாவில் அளவீடு வேறு மாதிரி. ஜெனீவாவின் ஃபிலிப் க்ளேர் வகுத்த முறைப்படி, தடித்த கிளையொன்றை நீளவாக்கில் பிளந்து, புறணி, அகணி, நடுத்தண்டு ஆகிய மூன்றின் தடிப்பையும் அளந்து கிளையின் மொத்தத் தடிப்பில் சதவீதமாக எழுதுவார்கள். நடுத்தண்டு தடித்ததா, அகணி தளர்வானதா என்பதைக் கண்ணால் சொல்வதற்கும் எண்ணாகச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. இரு நாடுகளில் இருவர் தனித்தனியே அளந்தாலும் ஒப்பிட முடிகிறது.

பண்புகளின் பட்டியல் இப்படி நீளமாக இருந்தும் குழப்பம் தீரவில்லை. ஒரே லைக்கன் நிழலில் ஒரு நிறமும் வெயிலில் ஒரு நிறமும் காட்டும். வயதானால் ஓரம் சுருளும். பல இனங்களில் ஏப்போதீசியமே வராது. அவை சொரீடியா என்னும் தூளாகவோ ஐசிடியா என்னும் நுண்முளைகளாகவோ பூஞ்சையையும் பாசியையும் ஒன்றாக உதிர்த்துப் பரவும். கனியுடல் இல்லையென்றால் ஆஸ்கஸும் இல்லை, ஸ்போரும் இல்லை. பிளேடுக்கு அங்கே பாதி வேலை போய்விடுகிறது. இதை ஒட்டியே இருபதாம் நூற்றாண்டில் ‘இனச்சோடி’ என்ற கருத்து வளர்ந்தது. எல்லா வகையிலும் ஒத்திருக்கும் இரண்டு லைக்கன்களில் ஒன்று கிண்ணம் தாங்கி ஸ்போரால் பெருகும், மற்றொன்று தூளால் பெருகும். இவற்றை இரண்டு சிற்றினங்களாக வைப்பதா, ஒரே சிற்றினத்தின் இரு நிலைகளாக வைப்பதா? ஜெர்மானிய அறிஞர் யோசஃப் போல்ட் 1970-களில் இதை விரிவாக எழுதினார். கிண்ணம் தாங்கியது மூல இனம், தூள் உதிர்ப்பது அதிலிருந்து பிரிந்த கிளை என்பது அவர் பார்வை. கையிலிருந்த கருவிகளால் அதை மெய்ப்பிக்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

1990-களில், டி.என்.ஏ. துண்டைப் பல படிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். முறை இந்தத் துறைக்குள் வந்தது. எல்லோரும் முதலில் கைவைத்த பகுதி ஐ.டி.எஸ். ரைபோசோம் மரபணுக்களின் இடையே கிடக்கும் இடைவெளி வரிசை அது. பூஞ்சைகளில் பெரும்பாலும் 500 முதல் 600 எழுத்து நீளம். ஒவ்வொரு செல்லிலும் பல படிகள் இருப்பதால் அரிசிமணியளவு லைக்கன் துண்டிலிருந்தும் பெருக்கி எடுத்துவிடலாம். 2012-இல் பன்னாட்டுக் குழு ஒன்று பூஞ்சைகளை இனங்காண உதவும் பொதுவான டி.என்.ஏ. பார்கோடாக இதையே பரிந்துரைத்தது.

வேலை சொல்வதைப் போல எளிதாக நடப்பதில்லை. ஒரு துண்டு லைக்கனை அரைத்தால் அதில் பூஞ்சையின் டி.என்.ஏ.வோடு பாசியின் டி.என்.ஏ., பாக்டீரியாவின் டி.என்.ஏ., மேலே ஒட்டியிருக்கும் வேற்றுப் பூஞ்சைகளின் டி.என்.ஏ. எல்லாம் வரும். லைக்கன் மேல் வாழ்வதையே தொழிலாகக் கொண்ட பூஞ்சைகள் மட்டும் இரண்டாயிரத்துக்கும் அதிகமாக அறியப்பட்டிருக்கின்றன. பி.சி.ஆர். பெருக்கலைத் தொடங்கிவைக்கும் ப்ரைமர்களில் பூஞ்சைகளை மட்டும் பிடிப்பது 1993 முதல் புழக்கத்தில் உள்ளது. ஆனால் அது எல்லாப் பூஞ்சைகளையும் பிடிக்கும், நாம் விரும்பியதை மட்டும் பிடிக்காது. இங்கேயும் உடற்கூற்றியல்தான் முதலில் நிற்கிறது. ஒட்டுண்ணிக் கறை இல்லாத தூய பகுதியை உருப்பெருக்கியின் கீழ் தேடி எடுக்கத் தெரியாதவர் கையில், நல்ல வரிசை எந்திரமும் வேறு ஏதோ ஓர் உயிரின் வரலாற்றைத்தான் எழுதித் தரும். லைக்கன் அமிலங்களும் சர்க்கரைப் பிசின்களும் பி.சி.ஆர். வினையைத் தடுப்பதுண்டு. மாதிரி பழையதானால் டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைந்திருக்கும்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தெருவோர மரங்களில்கூடக் காணப்படும் பார்மீலியா சல்கேட்டாவில் நடந்தது இந்த இரு வழிகளும் கைகோத்த நல்ல கதை. இந்திய லைக்கன்களில் தேர்ச்சி பெற்று மாட்ரிட்டுக்குச் சென்ற பிரதீப் திவாகரும், அங்குள்ள ஆனா கிரெஸ்போவின் குழுவினரும் ஐபீரிய மாதிரிகளைப் படித்தபோது, டி.என்.ஏ.வைக் கொண்டு வரைந்த வம்ச மரத்தில் சில மாதிரிகள் தனிக் கிளையாக விலகி நின்றன. அவற்றைத் திருப்பிப் போட்டு அடிப்பகுதியிலுள்ள பற்றிழைகளைப் பார்த்தார்கள். சல்கேட்டாவில் முதிர்ந்த பற்றிழை பக்கவாட்டில் செங்குத்தாகக் கிளை விட்டிருக்கும். விலகி நின்றவற்றில் பெரும்பாலும் கிளையற்ற எளிய இழைகள். 2005-இல் அது பார்மீலியா பேரெனோயே என்ற தனிச் சிற்றினமானது. அந்தப் பண்பு எல்லா மாதிரிகளிலும் அதுவரை கண் முன்னே இருந்தது. அதற்கு இத்தனை மதிப்பு உண்டு என்பதைச் சொல்லத்தான் டி.என்.ஏ. தேவைப்பட்டது. பிறகு ஹெர்பேரிய உறைகளைத் திறந்து பற்றிழையை மட்டும் பார்த்தே பலர் அதை வேறு நாடுகளிலும் கண்டுபிடித்தார்கள். அதே கூட்டத்தில் 2011-இல் பிரித்த பார்மீலியா என்கிரிப்டேட்டாவுக்கு இந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. டி.என்.ஏ.வில் அது தெளிவாகத் தனி, தோற்றத்தில் சல்கேட்டாவிலிருந்து பிரிக்க முடியவில்லை.

மேற்கு வட அமெரிக்காவின் ஊசியிலை மரங்களில் பளிச்சென்ற மஞ்சள் பச்சையில் வளரும் லெத்தேரியா பேரினத்தைப் பற்றிச் சற்று நிறுத்திப் பேச வேண்டும். அதன் வல்பினிக் அமிலத்தால் ஸ்காண்டிநேவியாவில் ஓநாய்க்கும் நரிக்கும் நஞ்சு வைத்தார்கள். தூள் உதிர்க்கும் வல்பினா, கிண்ணம் தாங்கும் கொலம்பியானா என்று இரண்டே இனங்கள், பாடநூலில் போடத்தக்க இனச்சோடி. 2001-இல் ஸ்காட் க்ரோக்கன், ஜான் டெய்லர் இருவரும் 12 மரபணுப் பகுதிகளைப் படித்தார்கள். ஒரு மரபணுவின் மரம் ஒரு வம்சக் கதையைச் சொல்லும், இன்னொன்று சற்று மாற்றிச் சொல்லும். ஒரே சிற்றினத்துக்குள் இனக்கலப்பு நடந்துகொண்டே இருப்பதால் மரபணுக்கள் கலைந்து கலைந்து சேரும். அங்கே மரங்கள் ஒன்றோடொன்று முரண்படும். கலப்பு நின்றுபோன இரு கூட்டங்களுக்கு நடுவில் மட்டும் எல்லா மரங்களும் ஒரே கோட்டில் பிரியும். முரண்பாடு முடிந்து உடன்பாடு தொடங்கும் இடம்தான் சிற்றினத்தின் எல்லை. இந்த வாதத்தின் அழகு எனக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகவே தெரிகிறது. ஒரே மரபணுவை வைத்துக்கொண்டு எல்லை போடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. அவர்களுக்கு அங்கே ஆறு கூட்டங்கள் தெரிந்தன, அவற்றில் இரண்டு தூள் உதிர்ப்பவை.

ஆறு கூட்டங்களும் ஆறு பெயர்களாகிவிடவில்லை. 2009-இல் மெலிந்த கிளைகள் கொண்ட கிராசிலிஸ் முறைப்படி விவரிக்கப்பட்டது. 2016-இல் தூள் உதிர்ப்பவற்றில் ஒன்றுக்கு லூப்பினா என்று பெயர் வந்தது. எஞ்சிய மூன்று கிண்ணக் கூட்டங்களைக் கொலம்பியானா என்ற ஒரே பெயருக்குள் வகைப்பாட்டியலார் வைத்துக்கொண்டார்கள். மரபணு ஆய்வர் காணும் கூட்டத்துக்கும் வகைப்பாட்டியலார் பெயர் வைக்கும் சிற்றினத்துக்கும் நடுவில் தீர்மானம் என்ற ஒன்று இருக்கிறது. அதை எந்தக் கணினி நிரலிடமும் ஒப்படைக்க முடியாது.

அண்டார்க்டிகாவின் உஸ்னியா கதை வேறு திசையில் போகிறது. கிங் ஜார்ஜ் தீவின் பாறைகளில் இரண்டு உஸ்னியாக்கள் அடுத்தடுத்து வளர்கின்றன. ஆரன்டியாகோஆட்ராவில் அகன்ற கரிய கிண்ணங்கள் இருக்கும். அன்டார்க்டிகாவில் கிண்ணம் அரிது, தூள் உண்டு. இதுவும் இனச்சோடிதான். ஐ.டி.எஸ். முதலான சில பகுதிகளைப் படித்தபோது இரண்டும் ஒன்றோடொன்று கலந்தே வந்தன. அவை ஒரே சிற்றினம் என்ற முடிவு அப்போது வலுவாகத் தோன்றியது. 2018-இல் எலிசா லாகோஸ்டினாவும் கிறிஸ்டியன் பிரிண்ட்ஸனும் உடன் ஆய்வர்களும் வேகமாக மாறும் மைக்ரோசாட்டிலைட் பகுதிகளைக் கொண்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். மாதிரிகள் இரண்டு குவியலாகத் துல்லியமாகப் பிரிந்தன, கிண்ணம் ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். அதே ஆண்டில் ஜீனோம் முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கான துண்டுகளை எடுத்துப் படித்த ஆய்வும் அதையே உறுதிசெய்தது. பழைய அறிஞர்கள் கண்ணால் கண்ட எல்லை சரியாகத்தான் இருந்தது. சமீபத்தில் பிரிந்த இனங்களில் மூதாதையின் மரபணு வேறுபாடுகள் இரு பக்கமும் இன்னும் தங்கியிருக்கும், மெதுவாக மாறும் பகுதியைப் பார்த்தால் பிரிவு தெரியாது. டி.என்.ஏ. ஒன்றென்று சொன்னால் உடனே பெயர்களை இணைத்துவிடும் அவசரத்துக்கு இந்தத் தீவு ஒரு கடிவாளம்.

எல்லா இணைப்பும் அவசரம் என்றும் சொல்லிவிட முடியாது. பழுப்பு நூலாகத் தொங்கும் பிரையோரியாவின் இம்ப்ளெக்சே பிரிவில் நிறத்தையும் அமிலத்தையும் கிளையமைப்பையும் வைத்துப் பதினொன்று எனப் பிரித்திருந்தவற்றை, 2019-இல் கார்லோஸ் பொலுடாவின் குழு மைக்ரோசாட்டிலைட்டுகளையும் சேர்த்தே சோதித்து, நான்கு மட்டுமே நிற்கும் என்றது. அமில வேறுபாட்டுக்கு அங்கே வம்ச வேறுபாட்டின் ஆதரவு இல்லை. கிளடோனியா பேரினத்தில் 2013-இல் நடந்த பார்கோடு ஆய்வில், ஒரு சிற்றினத்துக்குள் உள்ள வேறுபாடும் இரண்டு சிற்றினங்களுக்கு நடுவில் உள்ள வேறுபாடும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. இத்தனை சதவீதம் மாறினால் வேறு இனம் என்று அங்கே கோடு கிழிக்க முடியாது.

பிளேடு தவறான இடத்தில் போனதற்கு வெப்பமண்டலத்தின் கிராஃபிடேசி குடும்பம் சாட்சி. மரப்பட்டையில் கிறுக்கெழுத்தாகக் கனியுடல்கள் ஓடும் இந்த லைக்கன்களை 19-ஆம் நூற்றாண்டில் ஸ்போரை வைத்தே பிரித்தார்கள். நிறமற்றது, குறுக்குச் சுவர் மட்டும் கொண்டது கிராஃபிஸ். நிறமற்றது, குறுக்கும் நெடுக்கும் சுவர் கொண்டது கிராஃபினா. பழுப்பானவை ஃபியோகிராஃபிஸ், ஃபியோகிராஃபினா. நான்கு பெட்டிகள், தெளிவான விதி, எல்லோராலும் செய்யக்கூடியது. 2002-இல் பெட்டினா ஸ்டைகர் கனியுடலின் சுவர், அது கரியாகியிருக்கும் அளவு, உள்ளிழைகளின் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு குடும்பத்தை மறுசீரமைத்தார். டி.என்.ஏ. அவர் பக்கம் நின்றது. ஸ்போரில் நெடுக்குச் சுவர் தோன்றுவது பல கிளைகளில் தனித்தனியே நடந்திருக்கிறது. கிராஃபினா என்ற பேரினம் கலைந்தது. இருந்தும் கிராஃபிஸும் ஒரே வம்சமாக நிற்கவில்லை. 2018-இல் பருமனான கனியுடல் கொண்டவை அல்லோகிராஃபா என்று பிரிந்தன. ஒரே உடற்கூற்றுச் சீவலில் ஒரு பண்பு பொய்த்தது, இன்னொரு பண்பு மெய்யானது. சீவியவர்மேல் குற்றமில்லை. எதை நம்புவது என்று அறிய அவருக்கு வழி இருக்கவில்லை.

கோராவுக்கு வருவோம். 126 என்ற எண் வந்தபின் அந்த ஆய்வர்கள் அதோடு நிறுத்தவில்லை. 2017-இல் ஒரே கட்டுரையில் எழுபது புதிய கோரா சிற்றினங்களை விவரித்தார்கள். மண்ணில் வளர்வது, கிளையில் வளர்வது, மேற்பரப்பில் மயிர் உள்ளது, இல்லாதது என்று வேறுபாடுகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. குறுக்கு வெட்டில் பல இனங்களின் மேற்புறணி வளைவுகள் தாங்கிய மேம்பாலம் போல நிற்கிறது. படுக்கையான இழைகளின் மெல்லிய தளம் மேலே, அதைத் தாங்கும் செங்குத்து இழைக்கட்டுகள் இடைவெளிவிட்டுக் கீழே. அந்தத் தளத்தின் தடிப்பும் தூண்களின் உயரமும் இனத்துக்கு இனம் மாறுகின்றன. சில இனங்களில் அமைப்பே அமுங்கிப் படிந்துவிடுகிறது. உலர்ந்த மாதிரியில் இவற்றில் பாதி மறைந்துவிடும் என்பதால்தான் ஹெர்பேரியத்தில் மட்டும் உட்கார்ந்து படித்தவர்களுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. இத்தனை காலம் இது தெரியாமல் போனது எப்படி என்ற முதல் கேள்விக்குப் பதில் இதுதான். 2020-இல் அதே பேரினத்தில் ஃபுளோரிடாவிலிருந்து வந்த பழைய சேகரிப்புகளைத் திரும்பப் பார்த்தபோது கோரா டிமுக்குவா என்ற தனிச் சிற்றினம் வெளிப்பட்டது. பரவலான ஓர் இனத்தின் பெயரில் உறையில் கிடந்த அது, அந்த மாநிலத்தின் குறுங்காடுகளுக்கே உரியது. உயிரோடு இன்னும் இருக்கிறதா என்பதே சந்தேகம் என்று அதை விவரித்தவர்கள் எழுதினார்கள். எங்கும் இருக்கிறது என்று நாம் நம்பும் உயிரைக் காக்க யாரும் முனைவதில்லை. இனம் பிரிப்பது வெறும் பெயர் விவகாரம் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த லைக்கனைத்தான்.

பூஞ்சையின் டி.என்.ஏ.வும் கையிலுள்ள பண்பும் சேர்ந்தே பதில் தராத இடமும் உண்டு. வடமேற்கு அமெரிக்காவில் பிரையோரியா ஃப்ரெமான்டி பழுப்பு நிறம். அங்குள்ள பழங்குடியினர் சமைத்து உண்டது. பிரையோரியா டார்ச்சுவோசா மஞ்சள் நிறம், வல்பினிக் அமிலம் நிறைந்தது. 2009-இல் இரண்டின் பூஞ்சையிலும் வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. பாசியும் ஒன்றே. பிறகு மஞ்சள் எங்கிருந்து வந்தது? டோபி ஸ்ப்ரிபில் ஆர்.என்.ஏ. வரிசைகளில் தேடலை விரித்து, வேறு பூஞ்சைத் தொகுதிகளையும் உள்ளே விட்டபோது, புறணிக்குள் ஒரு பெசிடியோமைசீட் ஈஸ்ட் இருப்பது தெரிந்தது. மஞ்சள் லைக்கனில் அது மிகுதி. 2016-இல் சயன்ஸ் இதழில் வந்த அந்தக் கட்டுரை, லைக்கன் இருவர் கூட்டு என்ற ஒன்றரை நூற்றாண்டுப் பாடத்தை அசைத்தது. அந்த ஈஸ்ட்டுகள் எல்லா லைக்கன்களிலும் இல்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. அவற்றின் பங்கு என்ன என்பதில் விவாதம் தொடர்கிறது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டுக்குக் காரணம் பெயர் தாங்கும் பூஞ்சைக்கு வெளியே இருக்கலாம் என்பது நிலைத்துவிட்டது. இதன் முன்னோடியை 1991-இல் டேனியல் அர்மலேயோவும் ஃபிலிப் க்ளேரும் காட்டியிருந்தார்கள். ஒரே பூஞ்சை பசும்பாசியோடு சேர்ந்தால் இலைவடிவம், நீலப்பச்சைப் பாசியோடு சேர்ந்தால் முற்றிலும் வேறு வடிவம், இரண்டும் ஒரே உடலில் ஒட்டி வளர்ந்த நிலையிலும் கிடைத்தன.

‘மறைந்திருக்கும் இனம்’ என்ற சொல்லாட்சி இப்போது கட்டுரைகளில் மிகுந்துவிட்டது. 2013-இல் ஸ்டீவன் லெவிட்டின் குழு ரைசோப்ளாக்கா கூட்டத்தில் ஐந்து புதிய சிற்றினங்களை வரையறுத்தபோது வரிசையில் எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதையே அடையாளமாகத் தந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. அந்த இனங்கள் பல பகுதிகளின் சான்றோடு வந்தவை. அதே கூட்டத்தில் தோற்றத்தை வைத்து முன்பு பிரித்திருந்த, பாறையில் ஒட்டாமல் உருண்டு திரியும் வடிவங்கள் ஒரே வம்சமாக நிற்கவில்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. என் மனக்குறை வேறு. டி.என்.ஏ. பிரிவைக் கண்டதும் உடற்கூற்றைத் திரும்பப் பார்க்காமலே ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதிவிடும் கட்டுரைகள் கணிசம். பார்மீலியா பேரெனோயே கற்றுத்தந்த பாடம் அங்கே மறக்கப்படுகிறது. பல மாதிரிகளைச் சீவி, அளந்து, பார்த்துவிட்டு வேறுபாடு இல்லை என்று சொன்னால் அது ஒரு கண்டுபிடிப்பு. பார்க்காமல் சொன்னால் முடிக்காத வேலை. 2017-இல் சுகுமாரன், நோல்ஸ் இருவரும் பொதுவாகவே எச்சரித்தார்கள்: பெருந்தரவில் ஓடும் எல்லை வகுக்கும் நிரல்கள் சிற்றினங்களை மட்டும் பிரிப்பதில்லை, ஒரே சிற்றினத்தின் உள்ளூர்க் கூட்டங்களையும் பிரித்துவிடும். மலையில் ஒரு கூட்டம், பள்ளத்தாக்கில் ஒரு கூட்டம் என்றிருப்பதை இரண்டு சிற்றினங்களாக எண்ணிவிட வழியுண்டு.

இந்தியாவில் 2,500-க்கும் அதிகமான லைக்கன் சிற்றினங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றைக் கண்டறியும் அடித்தளத்தைப் போட்டவர் லக்னோவின் டி.டி. அவஸ்தி. அவருடைய இனங்காணும் திறவுகோல்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலான கிளைகளில் நிற்பது உடற்கூறும் வேதிச் சோதனையும்தான். லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் புனேயின் அகர்கர் நிறுவனத்திலும் சேர்ந்துள்ள உலர்மாதிரிகள் பெரும் செல்வம். மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கும் கிடைக்கும் பார்மோட்ரீமா ரெட்டிகுலேட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பில் வெள்ளை வலைப்பின்னல், ஓரத்தில் தூள், அகணியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் மஞ்சளாகிச் சிவக்கும் சலாசினிக் அமிலம். பார்த்ததும் சொல்லிவிடலாம் என்று எண்ணத் தோன்றும். 2011-இல் ரூத் டெல்-பிராடோ, திவாகர், கிரெஸ்போ மூவரும் ஐ.டி.எஸ். கொண்டு ஆராய்ந்தபோது அந்தப் பெயருக்குள் சிற்றினமாகக் கருதத்தக்க பல வம்சங்கள் இருப்பதாகக் கண்டார்கள். கடைகளில் மசாலாப் பொருளாகக் கல்பாசி என்று விற்கும் பொட்டலத்திலும் பார்மோட்ரீமாவின் பல இனங்களோடு ஹைப்போட்ராகைனா, சில சமயம் ராமலைனாவும் உஸ்னியாவும் கலந்து வருகின்றன. எந்த மலையிலிருந்து எந்த இனம் எத்தனை வேகத்தில் உரித்தெடுக்கப்படுகிறது என்பதை அறிய, முதலில் அந்தப் பொட்டலத்தைச் சரியாகப் பிரித்தாக வேண்டும். பிரியாணிக்கு எல்லாம் ஒன்றுதான். காட்டுக்கு அப்படி இல்லை.

இதில் பெயர்ச் சிக்கல் ஒன்று நம் மலைகளோடு நேரடியாகத் தொடர்புள்ளது. டி.என்.ஏ. ஒரு பெயரை மூன்று வம்சமாகப் பிரித்தால், பழைய பெயர் எந்த வம்சத்துக்கு? விதி தெளிவானது. பெயர் வைத்தவர் குறித்த வகை மாதிரி எந்த வம்சமோ அதற்கு. அந்த மாதிரி நூற்றைம்பது ஆண்டு பழையதாக ஐரோப்பிய ஹெர்பேரியத்தில் இருக்கும், அதிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது பல சமயம் நடக்காது. அப்போது மாதிரி முதலில் கிடைத்த இடத்துக்கே போய்ப் புதிதாக எடுத்து, பழைய மாதிரியின் உடற்கூற்றோடு ஒப்பிட்டு, அதன் வரிசையைப் பெயருக்கு நங்கூரமாக்க வேண்டும். நைலாண்டர் பெயரிட்ட பார்மோட்ரீமா நில்கெரென்ஸ் நீலகிரியின் பெயரைத் தாங்கியது. விளிம்பில் கரிய மயிர்கள், அகன்ற கிண்ணங்கள், அகணியில் புற ஊதா ஒளியில் ஒளிரும் அலெக்டொரோனிக் அமிலம். அவரே பெயரிட்ட பார்மோட்ரீமா ரம்போடென்ஸ் இலங்கை மலையகத்தின் ரம்பொடையின் பெயரைத் தாங்கியது. அதிலும் விளிம்பு மயிர், அதே அமிலம். கிண்ணத்துக்குப் பதில் தூள். இவை இனச்சோடியா, அல்லது அமிலம் ஒத்திருப்பதால் மட்டும் அப்படித் தோன்றுகிறதா என்பது அண்டார்க்டிக் உஸ்னியாவில் கேட்ட அதே கேள்விதான். ஊட்டியைச் சுற்றியும் ரம்பொடையைச் சுற்றியும் இரண்டையும் அருகருகே தேடி எடுத்து, ஒவ்வொரு மாதிரியிலும் புறணியையும் பற்றிழையையும், கிண்ணம் இருந்தால் ஸ்போரையும் அளந்து, மீதித் துண்டை உறையில் பத்திரப்படுத்தி, ஐ.டி.எஸ்.ஸோடு நிறுத்தாமல் வேகமாக மாறும் பகுதிகளையும் படித்தால் விடை கிடைக்கும். உதகையிலிருந்து நுவரெலியா வரையுள்ள கல்லூரித் தாவரவியல் துறைகள் சில கைகோத்தாலே செய்து முடிக்கக்கூடிய வேலை இது. வரிசை எடுத்துத் தரும் ஆய்வகங்கள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. சீவிப் பார்க்கப் பழகிய கைகளைத்தான் உருவாக்க வேண்டியிருக்கிறது.